ஓரகத்தி அடி

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் 14ஆம் நாள், வெள்ளிக்கிழமை. காலை முதல் ஒரே புழுக்கம். பிற்பகலில் வந்த தூறலும் தகரக் கூரையை நனைத்ததோடு நின்றுவிட்டது.

மறந்துவைத்த மூக்குக் கண்ணாடியை எடுக்க மாலை ஐந்தே முக்காலுக்குத் திரும்பி வந்த தபால்காரர், தாமும் பயிலும் கோடைக்காலச் சிற்பப் பட்டறையின் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே ஓரகத்திகளில் மூத்தவர், இளையவர் செய்த இரும்புக் கொக்கை மரச்சுத்தியலால் ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார். ஒற்றைக் காலில் நின்ற கொக்கு, கால் பெயர்ந்து மேசைமீது விழுந்தது.

மூத்தவரும் இளையவரும் அண்ணன் தம்பியை மணந்த ஓரகத்திகள். ஒரே வீட்டின் மாடியில் ஒருவர், கீழே ஒருவர். மூத்தவருக்கு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. இளையவருக்கு ஆயத்த ஆடைக் கடையில் தையல் வேலை. பத்து நாள் பட்டறையில் இருவரும் சேர்ந்தேதான் பெயர் கொடுத்தனர்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தேர்வு. பயிற்றுநர் அம்மையார் ஒவ்வொரு சிற்பத்தையும் மூன்று முறை அடிப்பார். நின்றால், செய்தவர் பெயருடன் ஓராண்டு நூலகக் கூடத்தில் இருக்கும். விழுந்தால் பழைய இரும்புத் தொட்டிக்குப் போகும். தேர்வுக்கு முன் பிறர் வெல்டிங் வைத்து ஒட்டிக்கொடுத்தாலோ, ஒட்டில் குறை இருப்பதாக வாய்விட்டுச் சொன்னாலோ, அந்தச் சிற்பம் தேர்வுக்கே வராது. அதில் அம்மையார் யாருக்கும் விலக்கு அளித்ததில்லை.

இளையவர் பதினாறு ஆண்டுகளாகத் தைத்த சட்டைகள் அனைத்தின் கழுத்துப்பட்டையிலும் கடையின் பெயர்தான் இருந்தது. தம் பெயர் தாங்கிய ஒரு பொருளையாவது ஊரார் பார்க்க வேண்டும் என்பதற்காகவே, கத்தரிக்கோலை அலகாகவும் கரண்டிகளைச் சிறகாகவும் கிழிந்த குடைத்துணியை வாலாகவும் வைத்து அந்தக் கொக்கைச் செய்திருந்தார்.

தபால்காரர் குரல் கொடுத்ததும், பேருந்துக்காகத் தெருவில் நின்ற இளையவரும் பயிற்றுநரும் மற்றவர்களும் உள்ளே வந்துவிட்டனர்.

"ஓரகத்தின்னா சும்மாவா?" என்றார் தபால்காரர். "கூட இருக்கிறவ நல்லா செஞ்சா வயிறு எரியத்தானே செய்யும்."

இளையவர் கொக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அக்கா, என்மேல உங்களுக்கு என்ன கோபம்?"

"கோபமெல்லாம் ஒண்ணுமில்ல. காலைல ஏழு மணிக்குத் திறப்பாங்க. வந்து நீயே ஒட்டிக்கோ."

பயிற்றுநர் பட்டியலை எடுத்து, மூத்தவர் செய்த இரும்பு மீனின் பெயரைச் சிவப்பு மையால் கோடிட்டு நீக்கினார். மூத்தவர் சுத்தியலை மேசைமேல் வைத்துவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டார். அன்று ஓரகத்திகள் வெவ்வேறு பேருந்துகளில் வீடு திரும்பினர்.

மறுநாள் ஏழு மணிக்குக் கொக்கின் காலை ஒட்டுவதற்குக் குனிந்த இளையவர், அடித்தகட்டைப் பார்த்துத் திகைத்தார். கால் நின்ற இடத்தில் தகடு பழையபடியே வழவழவென்று இருந்தது. ஓரத்தில் ஒரு சட்டைப் பொத்தானளவுகூடப் பிடித்திருக்கவில்லை. காலாக வைத்த மெல்லிய கம்பி உருகிவிடுமோ என்று அஞ்சி, கனமான தகடு சூடேறும் முன்பே அவர் கையை எடுத்திருக்கிறார். அதன்மேல் அரம் போட்டு ராவி வண்ணமும் பூசியதால், ஒட்டு அழகாக மட்டும் இருந்திருக்கிறது.

அவர் நிமிர்ந்தார். மறுகோடியில் இரும்புத்தூளைப் பெருக்கிக்கொண்டிருந்த மூத்தவர், பேசாதே என்பதுபோலத் தலையை அசைத்துவிட்டு மீண்டும் பெருக்கினார்.

இளையவர் கம்பியின் நுனியிலிருந்த பழைய ஒட்டை அறுத்துப் பையில் போட்டுக்கொண்டார். இம்முறை தகடு நன்றாகச் சூடேறும்வரை கையை எடுக்கவில்லை.

பத்து மணிக்குப் பயிற்றுநர் சுத்தியலை ஓங்கினார். கணீர். இரண்டாம் அடியும் கணீர். மூன்றாம் அடிக்குப் பின்னும் கொக்கு ஒற்றைக் காலில் நிமிர்ந்து நின்றது.

கைதட்டல் அடங்கியபின், இளையவர் பழைய ஒட்டை மேசையில் வைத்தார். பயிற்றுநர் அதைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மூத்தவரைப் பார்த்தார்.

"நல்ல ஒட்டுன்னா கணீர்னு கேக்கும்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?" என்றார் மூத்தவர். "விரலால தட்டினேன், மொத்துன்னு கேட்டுச்சு. வாயால சொன்னா அவ கொக்கு தேர்வுக்கு வராது. தப்பா சேர்ந்த எலும்ப மறுபடி முறிச்சுத்தான் சேக்கணும். அது எங்க டிபார்ட்மென்ட்ல தினம் பார்க்கிறதுதான்."

"யாரும் இல்லாத நேரம். நீங்களே சத்தமில்லாம ஒட்டி வச்சிருக்கலாமே?" தபால்காரர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அப்புறம் அதுல அவ பேரை எப்படிப் போடறது?"

பயிற்றுநர், பட்டியலில் சிவப்புக் கோடு விழுந்த மீனைத் தாமே தூக்கிவந்து மேசைமேல் வைத்தார். முதல் அடியைத் தாங்கியது. இரண்டாம் அடியில் வால் கழன்று உருண்டது.

"இதையும் தட்டிப் பாத்தீங்களா?" என்றார் பயிற்றுநர்.

"பாத்தேன்," என்று சொல்லி முதலில் சிரித்தவரும் மூத்தவர்தான். "என் மீனாச்சே, எனக்குக் கணீர்னுதான் கேட்டுச்சு."

இளையவரின் கொக்கு நூலகக் கூடத்தில் ஓராண்டு நின்றது; பெயர்ப்பலகையில் அவர் பெயர் மட்டுமே இருந்தது. அதை வாரம் ஒருமுறை துடைத்தவர் மூத்தவர். மீனோ பழைய இரும்புத் தொட்டிக்குப் போயிற்று. அடுத்த கோடையில் பட்டறை விதிகளில் ஒரு வரி கூடியது: தேர்வுக்கு முந்தைய மாலை, ஒவ்வொரு சிற்பத்தையும் அடுத்த மேசைக்காரர் ஒருமுறை ஓங்கி அடிக்க வேண்டும். விதியில் அந்த அடிக்குப் பெயர் இல்லை. பட்டறையில் எல்லோரும் அதனை ‘ஓரகத்தி அடி’ என்கின்றனர்.

அந்தப் பெயரை வைத்தவர் தபால்காரர்.