வேயிசைக்கு வந்த பழி

“அந்தப் பெட்டியையா தூக்கிட்டு வந்திருக்கீக? சுருதி எறங்குற பெட்டியாச்சே அது!”

மிருதங்கத்தை மடியில் கிடத்தியபடி நல்லமுத்து சிரித்தார். திருச்சுழி மடத்தின் வாயிலில் சுகப்பிரியா களவுப்பொருளோடு பிடிபட்டவள்போல் தலைகவிழ்ந்து நின்றாள்.

அவள் கையில் இருந்தது ‘வேயிசை’ என்னும் மின்சாரச் சுருதிப்பெட்டி. அருப்புக்கோட்டை வட்டாரத்தில் அதை விற்பது அவள் பொறுப்பு. பாடகர் எவரும் அதைத் தொடுவதில்லை. இம்மாதமும் விற்காவிட்டால் வேறு வேலை தேடிக்கொள்ளுமாறு கம்பெனி சொல்லிவிட்டது.

“அப்படி என்னண்ணே கொறை இதுல?”

“கரண்டு கொறஞ்சா சுருதியும் எறங்குதாம். அருஞ்சுனை அய்யாவே சொல்லிட்டாக. அவுக சொன்ன பெறகு எவன் வாங்குவான்? எங்க நாதமணிப் பெட்டிக்கு இது ஒறை போடக் காணுமா?”

அருஞ்சுனை அம்மடத்தின் தலைமைப் பாடகர். பதிகம் பாடியே பழுத்த நாவினர். அவர் நன்றென்றது அவ்வட்டாரத்து இசைவாணர்க்கெல்லாம் நன்று, தீதென்றது தீது. அப்போதுதான் ஒரு பதிகத்தை நிறைவு செய்து கண்மூடி வீற்றிருந்தார். பாட்டு நின்றும் சுருதி நிற்கவில்லை. மண்டபம் அதில் தோய்ந்திருந்தது.

சுகப்பிரியா அவர்முன் சென்று கைகூப்பினாள். “அய்யா, ஒரு தடவ இதக் கேட்டுட்டுச் சொல்லுங்கய்யா. உங்க வாயால நல்லாருக்குன்னு வந்துட்டா எம்பொழப்பு நிக்கும்.”

“வையி தாயி, கேப்போம். கேக்காமப் பழிக்கிறது பாவம்.”

பெட்டியை அவர்முன் வைத்தாள். சுற்றிய ஒயரைக் கையில் ஏந்தியவாறு தூணுக்குத் தூண் பார்வையை ஓட்டினாள். “அய்யா, இங்கன பிளக்கு…”

கண் திறவாமலே அவர் கையமர்த்தினார். “பேசாத தாயி. சுருதி கேக்கையில மூச்சுச் சத்தங்கூட ஆகாது.”

மண்டபம் அடங்கியது. சிறிது நேரத்தில் அவர் நெற்றி சுருங்கியது.

“எறங்குது. பஞ்சமம் ஒட்டல.”

“ஆமாய்யா, எனக்குமே காதுல நெருடுது” என்றாள் பின்பாட்டு முருகலட்சுமி.

“நாந்தான் வாசல்லயே சொன்னேனே! பெட்டியா இது? கொசுக்கூடு!” என்று நல்லமுத்து தொடையைத் தட்டினார்.

சுகப்பிரியா கையிலிருந்த ஒயரைப் பார்த்தாள்.

“வருத்தப்படாத தாயி” என்றார் அருஞ்சுனை, கனிவோடு. “சாமி முன்னால ஒக்காந்து பொய் சொல்ல மாட்டேன். எங்காதால கேட்டுத்தான் சொன்னேன்னு உங்க கம்பெனியில சொல்லிரு.”

அவள் இன்னும் தாழத் தலைகுனிந்தாள். இம்முறை அவள் நாணியது தன்பொருட்டு அன்று. சொல்ல நாக் கூசியது. சொல்லாது போகவோ வயிறு விடவில்லை.

“அய்யா… நீங்க கேட்டது தூணுக்குப் பின்னால ஓடுற உங்க நாதமணிய, எம்பெட்டிக்கு இன்னும் கரண்டே குடுக்கலைய்யா.”