புது சிஸ்டத்தில் ஓடாது

"எல்லாம் போயிடுத்து ருக்கு. ஒண்ணையும் காணோம்," என்று வேங்கடசுப்ரமணியன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

சமையலறையிலிருந்து ருக்கு பதறிக்கொண்டு ஓடி வந்தாள். திருட்டு ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டர் திரையில் ஏதோ ஊர் ஏரியும் மலையும் நின்றன. இத்தனை வருஷமாக அங்கே உட்கார்ந்திருந்த பிள்ளையாரைக் காணவில்லை.

மூலையில் இருந்த பொத்தான் நடுவுக்கு வந்திருந்தது. அதை அமுக்கினால் கேட்காத செய்தியெல்லாம் கொட்டியது, சாயங்காலம் மழை வரும் என்றது, மெயில் ஐடி கொடு என்றது. அவருக்கு வேண்டியது மட்டும் வரவில்லை.

வேண்டியது, ஜாதகப் பொருத்தம் பார்க்கும் புரோகிராம். அவர் கிளார்க்காக இருந்த காலத்தில் ஆபீஸ் நண்பர் ஒருவர் எழுதிக் கொடுத்தது. மாட்டுங்காவில் பாதிக் கல்யாணம் அதைக் கேட்டுத்தான் நடந்திருக்கிறது. வேங்கடசுப்ரமணியன் காசு வாங்க மாட்டார், கூட்டியும் குறைத்தும் சொல்லவும் மாட்டார். தங்கை பெண்ணுக்கே "சேராது" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, இன்றுவரை தங்கையோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பவர்.

இப்போது அவருடைய சொந்தப் பெண் ஷ்ருதியின் முறை. பையன் நகுல், வீடு சான்பாடாவில். இரண்டு பேருக்கும் ஒரே ஆபீஸ், ஒருவரை ஒருவருக்குப் பிடித்துப்போயிற்று. ஜாதகம் சேர்ந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை, சேராவிட்டால் இந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும் என்று ருக்கு கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஷ்ருதி தலையாட்டிவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பிள்ளை வீட்டார் இன்றைக்குத் தாம்பூலத் தட்டோடு வரத் தயார். இவர்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

எங்கெங்கோ துழாவி, ஒருவழியாக அந்தப் புரோகிராமைப் பிடித்துத் தட்டினார் வேங்கடசுப்ரமணியன். திரை சற்று யோசித்தது. இது இந்தக் கம்ப்யூட்டரில் ஓடாது என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு மூடிக்கொண்டது.

ருக்கு, மகன் அனந்தின் பக்கம் திரும்பினாள். "ஏண்டா, நன்னா ஓடிண்டிருந்ததை எதுக்குடா மாத்தின?"

"நானா மாத்தினேன்? பழசு வேண்டாம், வைரஸ் வரும்னு எத்தனை வருஷமா கத்தறேன். அப்பா தொட விட்டாரா? போன சண்டே அவரே கூப்பிட்டு மாத்துடான்னார், மாத்தினேன்."

"பேங்க் வேலைக்குப் பழசு சேஃப் இல்லேன்னு பேப்பர்ல போட்டிருந்தான்," என்றார் அவர், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "இப்படி ஆகும்னு இவன் சொல்ல வேண்டாமோ?"

"சரி விடுங்கோ. மொபைல்ல ஆப் இருக்கும்மா. ரெண்டு நிமிஷத்துல சொல்லிடும்."

"ஆப்ல பார்த்து புக் பண்றதுக்கு இது என்ன ரிக்ஷாவா?" என்று ருக்கு அவன் வாயை அடைத்தாள். பிறகு கணவரைப் பார்த்து, "பஞ்சாங்கத்தை வெச்சுண்டு நீங்களே கையால போடுங்கோளேன்."

"அதெல்லாம் மறந்துபோய் எத்தனையோ வருஷமாச்சு ருக்கு. இது போட்டுக் குடுக்கும், நான் படிச்சுச் சொல்லுவேன். அவ்வளவுதான் என் ஜோசியம்."

மறுபடி தட்டினார். மறுபடி அதே பதில். வேறு எதையோ அமுக்கப் போக, திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிந்துகொண்டது. அதிலிருந்து வெளியே வர வழி தெரியாமல் மௌஸை விட்டுக் கையை எடுத்துவிட்டார். பார்க்கவே பாவமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து ருக்குவின் போன் அடித்தது. நகுலின் அப்பா வெங்கடேஷ்.

"மாமி, நாங்க கிளம்பலாமா? லேட்டானா வாஷி பாலத்துல டிராஃபிக்ல மாட்டிப்போம்."

"ஒரு நிமிஷம் இருங்கோ," என்று ருக்கு போனைக் கையால் மூடிக்கொண்டாள்.

கதவோரம் ஷ்ருதி நின்றிருந்தாள். திரையையும் அப்பாவின் முதுகையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்றவளுக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"நமக்குப் பத்துக்கு ஒன்பது பொருத்தம்னு சொல்லித்தான் பண்ணி வெச்சா," என்றாள் ருக்கு கணவரிடம். "என்னத்தைக் கண்டோம், தினம் சண்டை." போனைக் காதில் வைத்தாள். "கிளம்பி வாங்கோ. குருவாயூரப்பன் பார்த்துப்பான்."

ஷ்ருதி ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். ருக்குவும் கொஞ்சம் அழுதுவிட்டு, "விடுடி, கேசரி அடிப்பிடிச்சுடும்," என்று அவளையும் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அனந்துக்குத்தான் மனசு கேட்கவில்லை. அப்பாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"ஸாரிப்பா. ஊருக்கெல்லாம் பார்த்துச் சொல்லிட்டு, நம்மாத்துப் பொண்ணுக்குப் பார்க்காம பண்றோமேன்னு உங்களுக்கு உறுத்தும். பழைய சிஸ்டத்தை அப்படியே ஹார்ட் டிஸ்க்ல காப்பி பண்ணி வெச்சிருக்கேன். அவா வரதுக்குள்ள திருப்பிப் போட்டுத் தரேன், பார்த்துடுங்கோ."

வேங்கடசுப்ரமணியன் சமையலறைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"வேண்டாம்டா. நீ மாத்தறதுக்கு முந்தின நாளே பார்த்துட்டேன், சேரலை."