ஆர்தரின் இரண்டு விரல்கள்

ஞாயிறு பூசையில் கிதாரில் மூன்றே மூன்று கார்ட்ஸ் வாசித்து ஒப்பேற்றுகிற என் வீட்டுக்காரர் ஆர்தருக்குத் திடீரென்று ஜிப்சி ஜாஸ் கிதார் கற்க ஆசை வந்துவிட்டது. செபராங் ஜெயா ஆபீசிலிருந்து பாலம் தாண்டி வீட்டுக்கு வந்ததும் ஃபோனில் ஆன்லைன் பாடத்தைத் திறந்துவிடுவார். பிரான்சிலிருந்து ஒருவர் வாசித்துக் காட்டுவார். அதையே இவர் வாசித்தால் பக்கத்து வீட்டு நாய் எழுந்து போய்விடும்.

இந்த இசையின் முன்னோடிக்குத் தீ விபத்தில் இடது கையின் கடைசி இரண்டு விரல்களும் முடங்கிப்போயினவாம். மிச்ச விரல்களால்தான் அத்தனையும் வாசித்தாராம். எங்கள் வீட்டு மேதைக்கு அது குறுக்குவழியாகத் தெரிந்தது. மோதிர விரலில் கிடந்த கல்யாண மோதிரத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, அந்த விரலையும் சுண்டு விரலையும் மடக்கிக் கறுப்பு டேப்பால் சுற்றிக்கொண்டார். தூங்கும்போதுகூடக் கழற்றவில்லை.

“வெரல மடக்குனா வித்தை வந்துருமா லா?” என்றேன்.

நேற்று சாப்பிடுமுன் கை கழுவ டேப்பைப் பிரித்தார். விரல்கள் நிமிரவில்லை. என்றோ ஆறிய தீக்காயம்போலத் தோல் சுருங்கிப் பளபளத்தது.

“என்னங்க இது?”

“சின்ன வயசுல சுட்டது லா. இத்தன வருசமா பாக்குற, இப்பதான் தெரியுதா?”

இந்த நடிப்பு வேறா என்று சிரித்தபடி மோதிரத்தை எடுத்துவந்து நீட்டினேன். “அப்ப இத எந்த வெரல்ல போட்டேனாம்?”

அவர் சுவரைக் காட்டினார். எங்கள் கல்யாணப் படத்தில், பாதிரியார் பார்த்துக்கொண்டிருக்க, சுருங்கி மடங்கிய இரண்டு விரல்களை விட்டு, நான் மோதிரத்தை ஆர்தரின் நடுவிரலில் போட்டுக்கொண்டிருந்தேன்.