பக்கத்து வீட்டு ட்ரெயினர்

சுவரில் டம்ளரைக் கவிழ்த்து, அதன்மேல் காதை ஒட்டவைத்து நின்றிருந்தான் லீவன். சமையலறைக்குள் நுழைந்த அவன் மனைவி ஹில்டே, கையில் உருளைக்கிழங்குச் சட்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"வெக்கமா இல்ல உனக்கு? பக்கத்து வீட்டுப் படுக்கையறையையா ஒட்டுக் கேக்கற?"

"படுக்கையறை இல்லடி, அவங்க பின்கட்டு. யோரிஸ் உள்ளே சைக்கிள் ஓட்டறான், கேளு."

ஹில்டேவும் கேட்டாள். கனத்த சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது.

"என்னவோ சுத்துது. அதுக்கென்ன இப்போ?"

"அதுக்கென்னவா? பனிக்காலம் பூரா வீட்டுக்குள்ளேயே மிதிச்சு உடம்பைத் தேத்திக்கறான். மார்ச்சுல மறுபடியும் என்னை மண்ணைக் கவ்வ வைக்கப் போறான்!"

அந்தப் பெல்ஜியக் கிராமத்தில் சைக்கிள் என்றால் சாமி மாதிரி. மார்ச் முதல் ஞாயிறு காற்றாலை மேட்டை முதலில் ஏறுபவனுக்கு வருஷம் முழுக்க ஊரார் சேர்ந்து ஓட்டும் வரிசையில் முதலிடம், அடுத்தவன் செலவில் பீர். வருஷா வருஷம் யோரிஸ்தான் முதல், லீவன் இரண்டாவது. ஒட்டு வீட்டுக்காரன் முதுகைப் பார்த்துப் பார்த்தே லீவனுக்குப் பாதி ஆயுள் போயிருந்தது. பெயரைக் கேட்டாலே வயிறு எரியும்.

மறுநாளே ரெமியின் சைக்கிள் கடைக்கு ஓடினான்.

"வீட்டுக்குள்ள சைக்கிளை மாட்டி மிதிக்கிற ட்ரெயினர்ல யோரிஸ் எதை வாங்கினான் அண்ணே? அதைவிட ஒரு படி மேல எனக்கு வேணும்."

"அவன் இந்தப் பக்கமே வரலையே தம்பி."

"திருட்டுப் பய! வெளியூர்ல வாங்கியிருக்கான்."

ரெமி இரண்டை எடுத்து வைத்தார். "இது பின்சக்கரத்தை உருளை மேல அழுத்தி ஓட்டறது. விலை கம்மி, ஆனா டயர் தேயும், இரையும். இன்னொண்ணு பின்சக்கரத்தையே கழட்டிட்டு சங்கிலியை நேரா மாட்டறது. சத்தமே வராது. நம்ம மேட்டோட ஏத்தத்தையும் இதுல வெச்சுக்கலாம். அவனோடது எப்படிச் சத்தம் போடுது?"

லீவன் கன்னத்தை உப்பி, கடை நடுவில் நின்று உறுமிக் காட்டினான். கொஞ்சம் உறுமல், கொஞ்சம் மௌனம், மறுபடி உறுமல், கடைசியில் வீல் என்று ஏறும் ஓர் ஊளை. குழந்தைக்கு ஹெல்மெட் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் இரண்டடி தள்ளிப் போனாள்.

ரெமி தாடையைச் சொறிந்தார். "விட்டு விட்டு ஓடற ட்ரெயினரை நான் பார்த்ததில்லையே."

"ட்ரெயினர் நிக்கல அண்ணே, அவன் நிக்கறான்! மிதிக்கறது, மூச்சு வாங்கறது, கடைசியில உயிரைக் குடுத்து ஒரு ஸ்பிரிண்ட். பெரிய பந்தயக்காரங்க பயிற்சி அது. எனக்குச் சத்தம் வராததைக் கட்டுங்க. நான் ஓட்டறது அவனுக்குத் தெரியக் கூடாது."

சுவரோரமாகவே ட்ரெயினரைப் போட்டான். அந்தப் பக்கம் சுற்றினால் இவன் மிதிப்பான், நின்றால் நிற்பான். கடைசி ஸ்பிரிண்டில் சுவர் அதிரும்போது இவனுக்குக் கண் இருட்டும். சில நாள் ஒன்று முடிந்த கையோடு இன்னொன்று தொடங்கிவிடும். "மனுஷனா, பிசாசா!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஏறுவான். பீரை விட்டான், பொரித்த உருளைக்கிழங்கையும் விட்டான்.

யோரிஸ் வீட்டில் பிறந்திருந்த இரட்டைக் குழந்தைகளைப் பார்க்கத் தெருவே போனது. லீவன் போகவில்லை. ஹில்டே மட்டும் போய், வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்கிற சர்க்கரை பாதாம் பொட்டலத்தோடு திரும்பினாள்.

"பாவம் யோரிஸ். தூங்கி எத்தனை நாளாச்சோ, கண்ணெல்லாம் உள்ளே போயிருக்கு."

"தூக்கத்தை வேற விட்டுட்டு ஓட்டறானா!"

பாதாமைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ட்ரெயினரில் ஏறிவிட்டான்.

மார்ச் ஞாயிறு வந்தது. கல் பாவிய காற்றாலை மேட்டில் லீவன் பேய் பிடித்தவன் போல ஏறினான். உச்சியைத் தொட்டபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்கு முன்னால் யாருடைய முதுகும் இல்லை. தோற்றவன் முகத்தைக் கண் குளிரப் பார்க்க வேண்டும் என்று ஆவலோடு திரும்பினான்.

யோரிஸைக் காணோம். எல்லாரும் வந்து சேர்ந்த பிறகு, சட்டையைப் பிதுக்கிக்கொண்டு நிற்கும் தொந்தியோடு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தான்.

லீவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நடிக்காதடா! வேணும்னே தோத்திருக்க. நான் ஜெயிச்சதைக் கெடுக்கணும், அதானே?"

"நடிப்பா? சைக்கிளைத் தொட்டே மாசக்கணக்கா ஆச்சுடா."

"யாருகிட்ட கதை விடற? பனிக்காலம் பூரா உன் ட்ரெயினர் என் வீட்டுச் சுவரைப் பிச்சு எடுத்துச்சு! சுத்தறது, நிக்கறது, கடைசியில ஸ்பிரிண்ட். சுவருக்கு இந்தப் பக்கம் உன்கூடவே நானும் ஒரு நாள் விடாம மிதிச்சேன்டா!"

யோரிஸ் சைக்கிள் மேல் சாய்ந்துகொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"அடப்பாவி, அது பிள்ளைங்க பீத்துணி தோய்க்கிற வாஷிங் மெஷின்டா!"