ஒளிந்துகொண்ட பொட்டாசியம்

"ரத்தத்துல பொட்டாசியம் ரொம்பக் குறைஞ்சிருக்கும்மா. அது ஏறினாத்தான் ஆபரேஷன்" என்றார் எலும்பு டாக்டர்.

தையல்காரம்மா கட்டிலோரம் நின்றிருந்தாள். காலையில் சைக்கிளில் போன புருஷன், சந்து முனையில் கார் தட்டி, தொடையெலும்பு முறிந்து கிடந்தார்.

"நான் ஒழுங்காத்தானே சமைச்சுப் போடுறேன் டாக்டர்!"

"சாப்பாட்டுல குறையில்ல. அடிபட்ட பதட்டத்துல உடம்பு அட்ரினலினை அள்ளிக் கொட்டும். அது ரத்தத்துல இருக்கிற பொட்டாசியத்தை செல்லுக்குள்ள தள்ளிரும். பயம் தெளிஞ்சா தானா வெளிய வரும்."

"மாமியாரைப் பார்த்தா மருமக அடுப்படிக்குள்ள ஒளியிற மாதிரியா?"

"அதேதான்!"

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, அந்தக் கார்காரன் மூஞ்சி தெரிஞ்சுதா?"

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"அதையெல்லாம் கேட்காதீங்க! பதட்டப்படுத்துற ஆளே பக்கத்துல இருக்கக்கூடாது" என்றார் டாக்டர்.

முதலில் ஒப்பாரி வைத்த நாத்தனார் வெளியேற்றப்பட்டாள். பிறகு, கால் போனவர்கள் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்த அண்ணன். டிவியையும் அணைத்தார்கள். பொட்டாசியம் அசையவில்லை.

கடைசியில் டாக்டர் இவளைப் பார்த்தார். "தப்பா நினைக்காதீங்க. ஒருவேளை நீங்களே..."

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். கட்டின நாளிலிருந்து கத்தின கத்தலெல்லாம் அந்த மனுஷன் ரத்தத்திலா போய்ச் சேர்ந்தது?

டாக்டரோ நொடிக்கொரு தரம் வந்து எட்டிப் பார்த்தார். தனி அறை கொடுத்தார். ரத்தம் எடுக்கும்போதெல்லாம் தானே புருஷனின் தோளைத் தடவிக்கொண்டு நின்றார். தெய்வம் என்றது ஆஸ்பத்திரியே.

மறுநாள் டாக்டர், நோயாளியிடம் அன்பு காட்டுவது எப்படி என்று பேச வெளியூர் போயிருந்தார். மதியம் நர்ஸ் ஓடி வந்தாள்.

"பொட்டாசியம் நார்மல்! நாளைக்கு டாக்டர் வந்ததும் ஆபரேஷன்."

நர்ஸ் நகர்ந்ததும் புருஷன் மனைவியின் கையை எட்டிப் பிடித்தார்.

"இன்னிக்கே வேற ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்டி."

"ஏங்க? இப்படித் தங்கமான டாக்டர் கிடைப்பாரா?"

"என்னை இடிச்சிட்டு, இறங்கி ஒரு பார்வை பார்த்துட்டு ஓடினதே அந்தத் தங்கம்தான்டி. நாளைக்குக் கத்தியும் அவர் கையில!"