ஸ்வீடன் கொலையும் கன்னியப்பன் வாயும்

"இன்னிக்குக் கடைசிப் பகுதி. நடுவுல வாயத் தொறந்தீங்கன்னா நான் எழுந்து வூட்டுக்குப் போயிடுவேண்ணே, சொல்லிட்டேன்," என்றாள் அஞ்சலாட்சி.

ரிடையர்டு ஏட்டு கன்னியப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

லாஸ்பேட்டையில் ஃப்ரெடெரிக் வீட்டுக் கூடத்தில் எட்டு வாரமாகச் சனிக்கிழமை நாலு மணிக்குக் கூடுகிற கூட்டம் அது. ஃப்ரெடெரிக் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர்; அதனால் தெருவில் எல்லோரும் அவரைப் பிரெஞ்சு மரியாதையில் 'முசியே' என்றுதான் கூப்பிடுவார்கள். மனைவி மர்த் இறந்த பிறகு, மாடியில் ஒரு டிஷ் வைத்துப் பிரெஞ்சு சானலைப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பார். அதில் ஸ்வீடன் நாட்டுத் துப்பறியும் தொடர் ஒன்று வந்தது. பேசுவது ஸ்வீடன் மொழி. கீழே பிரெஞ்சில் எழுத்து ஓடும்.

ஒருநாள் சாம்பார் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி, ஏரிக்கரையில் ஒரு டீச்சர் செத்துக் கிடப்பதைத் திரையில் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். என்ன நடக்கிறது என்று ஃப்ரெடெரிக் தமிழில் சொன்னார். அடுத்த வாரம் அவள் எதிர்வீட்டு இராமதாஸையும் கூட்டி வந்தாள். மூன்றாவது வாரம் கன்னியப்பன் வந்து சேர்ந்தார். மர்த் போனதிலிருந்து அந்த வீட்டில் இத்தனை பேச்சுச் சத்தம் கேட்டதில்லை. சனிக்கிழமை வந்தால் ஃப்ரெடெரிக் இஸ்திரி போட்ட சட்டையோடுதான் கதவைத் திறப்பார்.

ஆளுக்கொரு அபிப்பிராயம். அந்த ஊர்க்காரர்கள் சாவு வீட்டில்கூட அழாமல் காப்பி குடிப்பது அஞ்சலாட்சிக்குப் பிடிக்கவில்லை. ஆனால் துப்பறிகிற போலீஸ்காரி பனியில் சைக்கிள் ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போவது ரொம்பப் பிடித்திருந்தது. மத்தியானம் மூணு மணிக்கே இருட்டிவிட்டால் மனுஷன் கொலை பண்ணாமல் வேறு என்னதான் பண்ணுவான் என்பது இராமதாஸின் கட்சி. ஒரு பாட்டு இல்லை, ஒரு சண்டை இல்லை என்று குறை சொல்வார். ஆனாலும் ஹார்டுவேர் கடையை மகனிடம் விட்டுவிட்டு மூன்றே முக்காலுக்கே வந்துவிடுவார்.

கன்னியப்பன்மேல்தான் எல்லோருக்கும் வருத்தம். திரையில் யாராவது பேச ஆரம்பித்தால் போதும், இவரும் ஆரம்பித்துவிடுவார். "படகு என்னோடது இல்லன்னு பொய் சொல்லுவான் பாரு," என்பார். ஃப்ரெடெரிக் தமிழில் சொல்லும்போது அதேதான் இருக்கும். வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அவர் கணிப்பு தப்பியதில்லை. சர்வீசில் எத்தனை திருடனைப் பிடித்தீர்கள் என்று இராமதாஸ் ஒருமுறை கேட்டார். ஒருத்தன் என்றும், அவனும் தானாக ஸ்டேஷனுக்கு வந்தவன் என்றும் கன்னியப்பன் சொன்னார்.

"பேசிட்டுப் போறாரு, வுடும்மா," என்று இன்றைக்கும் ஃப்ரெடெரிக் பரிந்து பேசிப் பார்த்தார். அஞ்சலாட்சி விடவில்லை. கொலைகாரனை முன்கூட்டியே சொல்லிவிட்டால் எட்டு வாரம் காத்திருந்தது வீண் என்றாள். இராமதாஸும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார். கடைசியில் கன்னியப்பன் கையைக் கட்டிக்கொண்டு, பேசுவதில்லை என்று ஒப்புக்கொண்டார்.

தொடர் ஆரம்பித்தது. போலீஸ்காரி டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டினாள். இரண்டு பேரும் நெடுநேரம் பேசினார்கள்.

"என்ன சொல்றான், முசியே?" என்று அஞ்சலாட்சி கேட்டாள்.

"சும்மா, சௌக்கியமான்னு விசாரிக்கிறாங்க," என்றார் ஃப்ரெடெரிக்.

திரையில் டாக்டர் மேசையை ஓங்கிக் குத்தினான். சௌக்கியம் விசாரிக்க மேசையை எதற்குக் குத்துகிறான் என்று இராமதாஸ் கேட்டார். ஃப்ரெடெரிக் தொண்டையைச் செருமினார். தண்ணீர் குடித்தார். அவர் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. உடம்பு சரியில்லையோ, டிவியை நிறுத்திவிடலாமா என்று அஞ்சலாட்சி ரிமோட்டை எடுத்தாள். வேண்டாம் என்று அவர் தலையாட்டினார்.

அதற்குள் போலீஸ்காரி எல்லோரையும் படகுத்துறைக்கு வரவழைத்திருந்தாள். டாக்டர், பாதிரியார், செத்தவளின் தம்பி மூவரும் வரிசையாக நின்றார்கள். அவள் பேச ஆரம்பித்தாள்.

கன்னியப்பன் கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

"டாக்டர்தான். மருந்துச் சீட்டுல தேதிய மாத்திட்டான். டீச்சரு அதக் கண்டுபுடிச்சிட்டா. படகுல கூட்டிம்போயித் தள்ளிவுட்டுட்டான். பாதிரியாருக்கு ஒண்ணுந் தெரியாது."

அஞ்சலாட்சி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் ஃப்ரெடெரிக்குக்கு உயிர் வந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்து, போலீஸ்காரி சொல்வதும் அதுதான் என்று விவரமாகச் சொல்லத் தொடங்கினார். கன்னியப்பன் குறுக்கே குறுக்கே பேச, இவர் விடாமல் சொல்லிக்கொண்டே போனார். டாக்டர் உடைந்து அழுதபோது இவர் குரலும் தழுதழுத்தது. இராமதாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தொடர் முடிந்தது. அடுத்த தொடருக்குக் கன்னியப்பனைக் கூப்பிடவே கூடாது என்றாள் அஞ்சலாட்சி. அவர் வராவிட்டால் தான் டிவியே போடப்போவதில்லை என்று ஃப்ரெடெரிக் சொல்லிவிட்டார். இத்தனை நல்ல மனுஷனுக்கு இப்படி ஒரு சிநேகிதமா என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் இராமதாஸோடு கிளம்பினாள்.

வாசல் கேட் சாத்துகிற சத்தம் கேட்டது.

"என்னால ரொம்பத் திட்டு வாங்கிட்ட," என்றார் ஃப்ரெடெரிக்.

"இருக்கட்டும் முசியே. ஸ்டேஷன் ரெக்கார்டு ரூம்ல பதினோரு வருஷம் பிரெஞ்சுக்காரன் காலத்துக் காகிதமாப் படிச்சது இப்பவாவது ஒதவுதே."

"அடுத்த மாசம் கண் ஆபரேஷன் முடியிற வரைக்கும் கொஞ்சம் மெதுவாப் படி, கன்னியப்பா. எனக்குக் கீழ ஓடுற எழுத்தெல்லாம் வெறும் வெள்ளக் கோடாத்தான் தெரியுது. நீ வர்றதுக்கு முந்தின ரெண்டு வாரமும் நானாக் கட்டிவுட்ட கததான்."