மூடுபனியில் ஒரு விளக்கு

"ஒரிஹாரா சான், இது பித்தலாட்டம் இல்லையா?"

இளைய உதவியாளன் செகியா பதறினான். அவன் கண்முன்னாலேயே, விளக்குத் தட்டுக்குப் பின்னால், மூத்தவளான ஒரிஹாரா ஒரு சின்ன பேட்டரியைச் சொருகுகிறாள்!

கம்பியே இல்லாமல் காற்றுவழியாக மின்சாரம் அனுப்பும் சோதனை. எதிர்மேட்டுக் கொட்டகையிலிருந்து, இவர்கள் 'சென்செய்' என்று மரியாதையாக அழைக்கும் பேராசிரியர் இசோகாயி அனுப்புவார். வயல் நடுவே நிற்கும் தட்டு அதை வாங்கி விளக்கை எரிக்க வேண்டும். நாற்பத்தோரு தடவை எரியவில்லை. இன்றோடு சரி. நாளைக்கு வயலை உழவரிடம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், சென்செய்க்கும் ஓய்வு.

"பதினோரு வருஷமா நீங்க பாத்துப் பாத்துச் செஞ்ச தட்டு. தோத்துப்போச்சுன்னு பேர் வரக் கூடாது, அதானே?"

"வாயை மூடிக்கிட்டுப் பனியைப் பாரு, செகியா. நல்லா இருக்கு."

நல்லாத்தான் இருந்தது. அந்தி மயங்குகிற நேரம். மலையிலிருந்து இறங்கிய பனி, பால் பொங்கினாற்போல வயலை மூட, கொட்டகை அதில் ஓடமாய் மிதந்தது.

வாக்கி-டாக்கி கரகரத்தது. ஒவ்வொன்றையும் விரலால் சுட்டி, வாய்விட்டுச் சொல்வது சென்செயின் வழக்கம்.

"திசை, சரி! விசை, சரி! மின்சாரம் போட்டாச்சு!"

தட்டுக்குப் பின்னால் ஒரிஹாராவின் கட்டைவிரல் லேசாக அசைந்தது. விளக்கு எரிந்தது.

செகியாவுக்குப் பொறுக்கவில்லை. வரப்பில் விழுந்தடித்து ஓடிக் கொட்டகைக் கதவைத் தள்ளினான்.

"சென்செய், நம்பாதீங்க! அந்த விளக்கு..."

"ஷ்ஷ்."

அவர் ஜன்னலோரம் நின்று, பனிக்குள் மின்மினியாய் மிதந்த அந்த ஒளியையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னம் நனைந்திருந்தது.

"எவ்வளவு அழகு, பாத்தியா?"

மேசைமேல் குறிப்பேடு. மை இன்னும் காயவில்லை.

'சோதனை 42: அனுப்பும் கருவி காலையிலேயே கருகிவிட்டது. விளக்கு எரியவில்லை.'

செகியா குனிந்து பார்த்தான். கருவியின் ஒயர் எதிலும் சொருகாமல் பாம்பாய்ச் சுருண்டு கிடந்தது.

"அப்போ... போட்டாச்சுன்னு சொன்னது?"

"விடிஞ்சதிலேருந்து தட்டைக் கைக்குழந்தை மாதிரி தாங்கிக்கிட்டு நிக்கிறா. கருகிப்போச்சுன்னு எந்த வாயால சொல்றது? எரியலேன்னா பனிமேல பழியைப் போட்டுக்கலாம்னு நெனச்சேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தார். "அவ முந்திக்கிட்டா."

பிறகு வாக்கி-டாக்கியை எடுத்து, விரலை நீட்டி, கணீரென்று சொன்னார்.

"ஒரிஹாரா சான், மின்சாரத்தை நிறுத்துறேன். சரி!"

வயல் நடுவே விளக்கு சமர்த்தாக அணைந்தது.